கத்திரி வெயிலில் சீஸ் பப்ஸ்: விருந்துக்கு எந்த மாவு?

அக்காவுக்கும் மாமாவுக்கும் கல்யாணமாகி 25 வருடம் முடிந்தது. அந்த நாள் மே மாத நடுவில், கத்திரி வெயில் உச்சத்தில் வந்தது. வேலூர் காட்பாடி காந்தி நகர் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் ஆறரைக்கு முப்பது பேர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும், சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வெஜிடபிள் பிரியாணி. அதற்கு முன்னால் ஜூஸோடு கையில் எடுத்துச் சாப்பிட ஏதாவது ஒன்று வேண்டும். நான் செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். "எண்ணெய்ச் சட்டி வைக்காதே, முட்டை சேர்க்காதே, மத்ததெல்லாம் உன் இஷ்டம்" என்றாள் அக்கா.

எண்ணெய் இல்லை என்றால் ஓவன்தான். குழந்தைகளும் வருகிறார்கள், ஆகவே சீஸ். சீஸை எந்த மாவுக்குள் வைப்பது என்பதில்தான் ஒரு வாரம் போனது. அந்த வாரத்தில் நான்கு விதமாகச் செய்து பார்த்தேன். ஐந்தாவதாக ஒரு வழியும் பேக்கரியில் கிடைத்தது. இதே கேள்வியோடு நிற்கிறவர்களுக்கு உதவும் என்று பார்த்ததை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மே மாதத்து வேலூரில் ருசியை வைத்து மாவைத் தேர்ந்தெடுக்க முடியாது. வெயிலை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காரணம் வெண்ணெய். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மே மாதத்தில் நம் ஊர் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. ஓவனையும் போட்டுவிட்டால் சமையலறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பப்ஸ் மாவு அடுக்கடுக்காக எழும்புவதற்கு, மாவும் வெண்ணெயும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனி ஏடாக இருக்க வேண்டும். ஓவன் சூட்டில் வெண்ணெயிலும் மாவிலும் இருக்கிற தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு ஏட்டையும் மேலே தள்ளும். வெண்ணெய் ஓவனுக்குள் போவதற்கு முன்பே உருகி மாவில் ஊறிவிட்டால், தள்ளுவதற்கு ஏடே இருக்காது.

இது தெரிந்தும் முதலில் வீட்டிலேயே மாவு மடித்துத்தான் பார்த்தேன். அதன் ருசிக்கு ஈடு கிடையாது என்பதால் விட மனம் வரவில்லை. 250 கிராம் மைதா, 200 கிராம் வெண்ணெய், ஐஸ் தண்ணீர். வெண்ணெயைச் சுண்டைக்காய் அளவுத் துண்டாக வெட்டி மாவில் புரட்டி, பிசையாமல் சேர்த்துப் பிடித்து, நீள்சதுரமாகத் தேய்த்து, கடிதம் மடிப்பது போல மூன்றாக மடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அடுக்கு மூன்று மடங்காகும். நான்கு முறை மடித்தால் 81 அடுக்கு. டிசம்பரில் இதைச் செய்திருக்கிறேன், அருமையாக வந்தது. மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு, இரண்டாவது மடிப்பிலேயே பூரிக் கட்டையில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற அத்தை மாவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாவு வியர்க்குதும்மா, எடுத்து உள்ள வை" என்றார். அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. மாவின் மேல் சின்னச் சின்ன முத்தாக வெண்ணெய் கசிந்து நின்றது. அந்த நேரத்தில் மைதாவை மேலே தூவித் தூவிச் சமாளிக்கப் பார்ப்பது தப்பு. உடனே ஃப்ரிட்ஜுக்குள் வைத்து அரை மணி நேரம் மறந்துவிட வேண்டும்.

நான் தூவினேன். மாவு கெட்டியானது, வெண்ணெய் வெளியேறியது. ஓவனில் வைத்ததும் ட்ரேயில் நெய் குளம் கட்டி, பப்ஸ் அதில் பொரிந்துதான் வெந்தது. அடுக்கு இல்லை, நிறம் இருந்தது. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, மாவு, கட்டை, பலகை எல்லாவற்றையும் குளிரவைத்துத் திரும்பச் செய்தேன். சரியாக வந்தது. ஆனால் ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ், வெட்டி நிரப்பிய பிறகு இன்னும் இருபது நிமிடம் என்று காலை முழுவதும் போய்விட்டது. அதுவும் பன்னிரண்டு பப்ஸுக்கு. முப்பது பேருக்கு ஒரு ஆள் தனியாக இதைச் செய்ய வேண்டாம். மார்கழியிலும் தையிலும் வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது செய்யுங்கள், அப்போது இதுதான் முதலிடம்.

அடுத்தது கடையில் கிடைக்கிற உறைந்த பப்ஸ் ஷீட். வேலை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மடங்கும் அளவுக்கு இளகவிட்டு, சதுரமாக வெட்டி, நடுவில் துருவிய சீஸ் ஒரு மேசைக்கரண்டி வைத்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு ஒட்டி, மேலே கத்தி நுனியால் ஒரு கீறல் போட்டு, பால் தடவி, 200 டிகிரியில் இருபது இருபத்திரண்டு நிமிடம். அந்தக் கீறலை மறக்க வேண்டாம். உள்ளே கூடுகிற ஆவிக்கு அது வழி. இல்லையென்றால் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு சீஸ் வெளியே ஓடும்.

சிக்கல் வேறு இடத்தில். ஷீட் தயாரான இடத்திலிருந்து உங்கள் ஃப்ரீசர் வரை ஒரு தடவைகூட இளகாமல் வந்திருக்க வேண்டும். நான் ஒரு கடையில் வாங்கிய பாக்கெட்டில் ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, ஓரம் வளைந்திருந்தது, உள்ளே பனித்தூள். எங்கேயோ இளகித் திரும்ப உறைந்திருக்கிறது. பேக் செய்தபோது ஒரு பக்கம் எழும்பி ஒரு பக்கம் தட்டையாக நின்றது. அதிலிருந்து வாங்கும்போதே கவனிக்கிறேன். பாக்கெட் பலகை போல நேராக, விறைப்பாக இருக்க வேண்டும். வளைந்திருந்தாலோ, ஒரு மூலை மட்டும் தடித்திருந்தாலோ வேண்டாம். கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரவும் ஐஸ் போட்ட பை வேண்டும். வெயிலில் ஸ்கூட்டர் கொக்கியில் கால் மணி நேரம் தொங்கினாலே போதும், வேலை கெட்டுவிடும். இன்னொன்று, இங்கே எல்லா நாளும் இது கிடைப்பதில்லை. விருந்துக்கு முதல் நாள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

இதற்கு நடுவில்தான் தெரு முனை பேக்கரி மாஸ்டரிடம் பேசினேன். "மாவாவே வேணும்னா காலையில வாங்கம்மா, கிலோ கணக்குல தர்றேன்" என்றார். பழக்கமான பேக்கரி என்றால் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் தருகிறார்கள். பேக்கரி பப்ஸில் பெரும்பாலும் வெண்ணெய் இருக்காது, அதற்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் செய்கிற மார்ஜரின்தான். அது வெண்ணெயைவிட அதிகச் சூட்டில்தான் உருகும். அதனால் இந்த வெயிலிலும் மாவு நிமிர்ந்து நிற்கிறது, தேய்க்க எளிது, அடுக்கும் பிரமாதமாக எழும்புகிறது. கண்ணுக்கு இதைவிட அழகான பப்ஸ் நான் செய்த எதிலும் வரவில்லை.

ஆனால் உருகும் சூடு அதிகம் என்பது வாய்க்கும் பொருந்தும். வெண்ணெய் நாக்கில் பட்டதும் கரையும். மார்ஜரின் முழுதாகக் கரையாமல் மேலண்ணத்தில் மெல்லிய மெழுகு போலப் படியும். சூடாகச் சாப்பிடும்போது தெரியாது, ஆறிய பிறகு நன்றாகத் தெரியும். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதனால் மார்ஜரின் இதயத்துக்குக் கெடுதல் என்ற பழைய பயம் இப்போது அந்த அளவுக்கு இல்லை. என்றாலும் ருசிக்காக நான் இதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். பரிமாறும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஓவன் இருந்து, சுடச்சுடக் கொடுக்க முடியும் என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஓவன் கீழே, விருந்து மேலே, நடுவில் இரண்டு மாடிப் படி.

சமோசா ஷீட்டைப் பற்றி எனக்கு நிறைய நம்பிக்கை இருந்தது. வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் வளர்ந்த யாருக்கும் ரம்ஜான் மாத சமோசாவின் அந்த மெல்லிய மொறுமொறுப்பு தெரியும். அந்த ஷீட்டில் வெண்ணெய் கிடையாது, பெரும்பாலும் மாவும் தண்ணீரும்தான். வெயில் அதை ஒன்றும் செய்யாது. காய்ந்துபோவதுதான் ஒரே ஆபத்து, ஈரத் துணி போட்டு மூடினால் சரியாகிவிடும். துருவிய சீஸ், வேகவைத்த சோளம், பச்சை மிளகாய், கொத்தமல்லி. முக்கோணமாக மடித்து, மைதாப் பசையால் ஒட்டி, இரண்டு பக்கமும் உருக்கிய வெண்ணெய் தடவி, 190 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்பிவிட வேண்டும். வெங்காயம் சேர்த்தால் தண்ணீர் விட்டு ஷீட் நமத்துப்போகும், அதை விட்டுவிடுங்கள். மடித்த சமோசாவை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு பேக் செய்தால், வெளியே சிவந்த பிறகுதான் உள்ளே சீஸ் உருகும். அந்த அரை மணி நேரம் வைக்காத ட்ரேயில் பாதி சமோசாவின் மூலையில் சீஸ் வழிந்து கருகியிருந்தது.

முதல் ஐந்து நிமிடம் அது தேவாமிர்தம். பத்து நிமிடத்தில் மூலைகள் மட்டும் மொறுமொறுப்பு. இருபது நிமிடத்தில் நடுப்பகுதி தோல் மாதிரி இழுக்கிறது. எண்ணெயில் பொரித்தது இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும், பேக் செய்தது தாங்காது. எட்டுப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஓவனிலிருந்து நேராகத் தட்டுக்கு வருகிற வீட்டில் நான் இதைத்தான் செய்வேன். முப்பது பேர் ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவே வந்துகொண்டே இருக்கிற விருந்துக்கு இது சரிவராது.

பிரெட் ஓரத்தை வெட்டித் தட்டையாக்கி சீஸ் வைத்துச் சுருட்டுவது எளிதுதான். அது டிஃபனாகிவிடுகிறது, விருந்துப் பண்டமாகத் தெரிவதில்லை.

கடைசியாகத்தான் சீஸை உள்ளே வைப்பதை விட்டுவிட்டு மாவிலேயே சேர்த்துப் பிசைந்தேன். பேக்கரியில் கிடைக்கிற காரா பிஸ்கட் எல்லோருக்கும் தெரியும் இல்லையா, அதே குடும்பம், சீஸ் மட்டும் தாராளம். 200 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய், 150 கிராம் துருவிய சீஸ். ஒன்றிரண்டாக இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, உள்ளங்கையில் கசக்கிய ஓமம் அரைத் தேக்கரண்டி, கொஞ்சம் மிளகாய்த் தூள். குளிர்ந்த வெண்ணெயை மைதாவில் விரல் நுனியால் உதிர்த்து, ரவை பதம் வந்ததும் சீஸைக் கலந்து, இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீர் தெளித்துச் சேர்த்துப் பிடித்தால் போதும். சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசையக் கூடாது, பிசைந்தால் இழுவை வந்து கடினமாகும். உப்பு போட வேண்டாம். வெண்ணெயிலும் சீஸிலும் இருப்பதே போதும். முதல் தடவை கால் தேக்கரண்டி போட்டேன், குழந்தைகள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மாவை இரண்டு விரல் தடிமனில் உருளையாக உருட்டி, எண்ணெய்த் தாளில் சுற்றி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். பிறகு கத்தியால் அரை விரல் கனத்தில் வில்லை வில்லையாக வெட்டி, ட்ரேயில் அடுக்கி, 180 டிகிரியில் பதினாறு நிமிடம். அடிப்பக்கம் பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும். 200 டிகிரிக்குப் போகாதீர்கள், மாவு வேகும் முன்னே சீஸ் சிவந்து கசப்புத் தட்டும்.

வெயில் ஏன் இதைக் கெடுக்கவில்லை என்றால், இங்கே காப்பாற்ற வேண்டிய அடுக்கே கிடையாது. வெண்ணெய் மாவோடு கலந்துவிட வேண்டும் என்பதுதான் முறை. மாவு இளகினாலும் இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும், ஒன்றும் நஷ்டமில்லை. இரண்டாவது நன்மை நேரம். உருளையை இரண்டு நாள் முன்பே செய்து வைத்துவிடலாம். பேக் செய்து ஆறியதை எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடினால், நம் ஊர் வறண்ட வெயிலுக்கு ஒரு வாரம் மொறுமொறுப்பு போவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்படி நம்ப முடியாது, இரண்டாம் நாளே நமத்துவிடும். மூன்றாவது, ட்ரே கணக்கு. என்னுடையது 28 லிட்டர் ஓடிஜி ஓவன். பப்ஸ் என்றால் ஒரு ட்ரேக்கு ஒன்பது, இடம் விட்டு வைக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு என்றால் அறுபது பப்ஸ், ஏழு ட்ரே, இரண்டரை மணி நேரத்துக்கு மேல். வில்லை ஒரு ட்ரேக்கு இருபத்தைந்து வைக்கலாம். மேலே சொன்ன அளவை இரட்டிப்பாக்கினால் பத்து கிராம் வில்லையாகத் தொண்ணூறு வரும். ஆளுக்கு மூன்று, நான்கே ட்ரே.

ஆளுக்கு மூன்று சின்ன வில்லை போதுமா என்று அக்கா கேட்டாள். போதும், அதற்கு மேல் கொடுக்கவும் கூடாது. பின்னால் பிரியாணி இருக்கிறது. கையகலப் பப்ஸ் இரண்டு சாப்பிட்டவர் சீரக சம்பா பிரியாணிக்கு வயிற்றில் இடம் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். விருந்துக்குச் சமைத்தவருக்கு அதைவிட வருத்தம் வேறு இல்லை.

இதில் குறையும் உண்டு. கடித்ததும் சீஸ் நூலாக இழுபட வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு வில்லை ஏமாற்றம்தான். பல் சரியில்லாத பெரியவர்களுக்கும் கொஞ்சம் சிரமம். அவர்களுக்காகப் பத்து வில்லையைக் கனமாக வெட்டி, மூன்று நிமிடம் முன்பே எடுத்து, நடுவில் மென்மையாக விட்டேன்.

சீஸ் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாவு எதுவோ அதற்கேற்ப சீஸ் மாறும். வில்லைக்கு நமக்கு எளிதில் கிடைக்கிற பதப்படுத்திய சீஸ் நன்றாகப் பொருந்துகிறது. அதில் சேர்க்கிற உப்புகள் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கின்றன. அதனால் எண்ணெய் கக்காமல் மாவோடு நிற்கும். 25 கிராம் க்யூப் ஆறு எடுத்தால் 150 கிராம், எடை போடவே வேண்டாம். ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்துத் துருவினால் துருவியில் அப்பாது. மொசரெல்லாவை மாவில் பிசையாதீர்கள், அதில் தண்ணீர் அதிகம், வில்லை மெத்தென்று ஆகிவிடும். பப்ஸுக்கும் சமோசாவுக்கும் உள்ளே வைக்க, பதப்படுத்திய சீஸ் பாதி, மொசரெல்லா பாதி என்று கலந்தால் ருசியும் இழுவையும் சேர்ந்து கிடைக்கும். பன்னீர் உருகாது. எலுமிச்சையோ வினிகரோ ஊற்றித் திரித்த பால், எவ்வளவு சூடு வைத்தாலும் அது துண்டாகவே இருக்கும். அதை மசாலாப் பப்ஸுக்கு வைத்துக்கொள்ளலாம். சைவம் பார்க்கிற பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் சீஸ் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். சில வெளிநாட்டுச் சீஸ்களில் பாலைத் திரிக்க கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் இருக்கும்.

ஆக, என் வரிசை இது. மாசி பிறந்ததிலிருந்து ஆவணி வரை, பத்துப் பேருக்கு மேல் என்றால் வில்லை, வேறு யோசனையே வேண்டாம். அதே வெயிலில் ஆறேழு பேர் மட்டும் என்றால் சமோசா ஷீட். குளிர்காலத்தில் நல்ல உறைந்த ஷீட் கிடைத்தால் அது, நேரமும் ஆசையும் இருந்தால் வீட்டு மாவு. கண்ணுக்கு நிறைவாகப் பெரிய பப்ஸ்தான் வேண்டும், சூடாகக் கொடுக்கவும் முடியும் என்றால் பேக்கரி மாவு. எதுவானாலும் அன்றைக்கு உங்கள் பகுதியில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓவன் ஓடாது.

விருந்தன்று மூன்று மணிக்கு நான்கு ட்ரேயும் முடித்துவிட்டேன். ஆறு மணிக்கு 150 டிகிரியில் ஐந்து நிமிடம் திரும்பச் சூடுகாட்டி, மூங்கில் தட்டில் கொட்டி மாடிக்கு அனுப்பினேன். ஓமமும் சீஸும் சேர்ந்த வாசனை படிக்கட்டு முழுக்க நின்றது. பிரியாணி அண்டா திறந்தபோது தட்டில் ஏழு வில்லை மீதி, அதையும் ஓட்டுநர் அண்ணனிடம் பொட்டலம் கட்டிக் கொடுத்தோம். வெட்டாமல் மிச்சமிருந்த ஒரு உருளையை அக்கா ஃப்ரீசரில் வைத்துக்கொண்டாள். ஜூனில் பள்ளி திறந்த அன்று சாயங்காலம் அதை வெட்டிப் பிள்ளைகளுக்குச் சுட்டுக் கொடுத்தாளாம்.